சாக்லேட்டைப் பிரித்துத் தின்றுவிட்டான், எல்கேஜிக்குத் தயார் இல்லையாம்!

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.40

கடலூர், பாண்டிப் பக்கம் இருக்கும் டீச்சர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மகனுக்கு 3 வயது 8 மாதம். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். எல்கேஜி சேர்க்கைக்குப் போயிருந்தோம். எங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு என்பதால் எல்லாம் தெரிந்தது. மிஸ் மேஜைமேல் ஒரு சாக்லேட்டை வைத்தார். "மிஸ் வெளிய போய்ட்டு வர்றேன். அதுவரைக்கும் தொடாம இருந்தா ரெண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர் கதவைத் தாண்டுவதற்குள் இவன் கையில் எடுத்துவிட்டான். காகிதம் பிரிக்க வரவில்லை. பல்லால் கடித்து, காகிதத்தோடு ஒரு துண்டை வாயில் போட்டு, அப்புறம் காகிதத்தை மட்டும் துப்பினான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

முடிவு என்ன தெரியுமா? "சுயக்கட்டுப்பாடு போதாது, இன்னும் பள்ளிக்குத் தயாராகவில்லை. ஒரு வருஷம் எங்கள் பிளே ஸ்கூலில் இருக்கட்டும்." அமெரிக்காவில் நிரூபித்த ஆராய்ச்சியாம். பிற்காலத்தில் யார் முன்னுக்கு வருவார்கள் என்பதை நாலு வயதிலேயே இதை வைத்துச் சொல்லிவிடலாமாம்.

வீட்டில் இரண்டு நாளாக ஆளுக்கொரு கட்சி. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார் என் அம்மா. அந்த ஆராய்ச்சி உண்மைதானா?


முதுநகர் தாத்தா | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, எங்கள் காலத்தில் ஒரே பரீட்சைதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒண்ணாங்கிளாஸ், தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. எனக்கு விரல் நுனி காது மடலில் உரசியது. ஹெட்மாஸ்டர் என் தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைகூட இந்தக் காலத்துப் பள்ளிகளுக்கு இல்லையே.


உப்பளம்_கிரி | ஞாயிறு, இரவு 10.22

போனைப் பிடுங்குங்கள். எல்லாம் சரியாகிவிடும்.


லாஸ்பேட்டை வாசகி | ஞாயிறு, இரவு 11.50

கெடிலக்கரை சார், நான் உளவியல் முதுகலை படித்தவள். குழந்தைகளின் படிப்புத் தொடர்பான வேலையில் இருக்கிறேன். அந்த மிஸ் செய்தது மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற ஒரு மிட்டாய்) சோதனை, அதாவது அதன் கடலூர்ப் பதிப்பு. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் பிங் நர்சரி என்று ஒரு பள்ளி. அங்கே 1960களின் பிற்பகுதியில் வால்டர் மிஷல் தொடங்கியது இது. எந்தப் பிள்ளை தேறும், எது தேறாது என்று சலித்தெடுக்கும் எண்ணம் அவருக்கு அப்போது இல்லை. ஆசையைத் தள்ளிப்போடும் குழந்தை அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார். 1970இல் வந்த கட்டுரையைப் பாருங்கள். தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சராசரியாக ஒரு நிமிடம்தான் பொறுத்தார்கள். அதையே எடுத்து மறைத்துவிட்டால் 11 நிமிடம் பொறுத்தார்கள். இரண்டும் ஒரே பள்ளிப் பிள்ளைகள்தான். சாக்லேட்டைக் கண்ணெதிரே வைப்பதா, டிராயரில் வைப்பதா என்பதிலேயே பாதிக் கட்டுப்பாடு அடங்கியிருக்கிறது. உங்கள் மகனுக்கு மூக்குக்கு நேரே வைத்திருக்கிறார்கள்.

"முன்னுக்கு வருவார்கள்" என்ற கதை 1990இல் வந்தது. அதே குழந்தைகள் வளர்ந்த பிறகு எழுதிய கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் 600 பேருக்கு மேல். மதிப்பெண் கிடைத்ததோ 94 பேருக்கு. எண்ணிக்கை குறைவு என்று அவர்களே எச்சரித்துத்தான் எழுதினார்கள், ஆனால் அந்த எச்சரிக்கை கடல் தாண்டி வரவில்லை.

2018இல் டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவோனான் குவான் மூவரும் 900க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். நாலரை வயதில் காத்திருந்ததற்கும் 15 வயதில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது. பழைய ஆய்வு சொன்னதில் பாதி அளவுக்குத்தான். குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், குழந்தையின் ஆரம்பகால அறிவுத்திறன் இவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. இதை வைத்து ஒரு தனிப் பிள்ளைக்கு ஜாதகம் எழுத முடியாது. எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2013, ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம், செலஸ்ட் கிட். முதலில் குழந்தைகளை ஒரு படம் வரைய வைத்தார்கள். "இரு, நல்ல கிரையான்ஸ் கொண்டுவர்றேன்" என்று சொல்லிப் போனவர் பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் "மன்னிச்சிடு, இல்லையாம்" என்று வெறுங்கையோடு திரும்பினார். அப்புறம்தான் மார்ஷ்மெல்லோ. சொன்னபடி செய்தவரிடம் இருந்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். அந்தப் பக்கம் 14 பேரில் 9 பேர் கடைசி வரை தொடவில்லை, இந்தப் பக்கம் 14 பேரில் ஒரே ஒருவர். இது 28 குழந்தைகளை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், இருந்தாலும் வித்தியாசம் கண்ணில் அறைகிறது. வராது என்று தெரிந்த பொருளுக்காகக் கையில் இருப்பதை விடுவது புத்திசாலித்தனமா? அந்த 13 பேரும் கணக்குப் போட்டுத்தான் தின்றிருக்கிறார்கள்.

முன்பின் பார்த்திராத ஒரு மிஸ், முதல் நாள், பெற்றோர் கூட இல்லை. உங்கள் மகன் யாரை நம்பிக் காத்திருக்க வேண்டும்?


பாகூர் வாத்தியார் | திங்கள், காலை 6.10

மேடம், எல்லாம் சரி. ஆனால் ஒரேயடியாகப் பள்ளிக்கூடத்தைத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். இருபது வருஷமாக ஒண்ணாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் என் வகுப்புக்கு வந்து பாருங்கள். எழுத்து தெரியாத பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது, நவம்பருக்குள் படிக்க வைத்துவிடுவேன். "எல்லாரும் நோட்டை எடுத்து மூணாம் பக்கம் திறங்க" என்று சொன்னால் நோட்டை எடுத்துவிட்டு, அப்புறம் என்ன சொன்னார் என்று மறந்துபோய்ப் பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்குகிறானே, அவனை வைத்துக்கொண்டுதான் திண்டாட்டம். அவன் கெட்ட பிள்ளை இல்லை. இரண்டு சொல்லைச் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. இதை மார்ஷ்மெல்லோ பொய் என்று சொல்லித் தள்ளிவிட முடியுமா?


லாஸ்பேட்டை வாசகி | திங்கள், காலை 8.30

முடியாது சார், நீங்கள் சொல்வதுதான் மையமான விஷயம். அமெரிக்காவிலும் ஆசிரியர்கள் இதையேதான் சொன்னார்கள். 2000இல் ரிம்-காஃப்மன், பியாண்டா, காக்ஸ் மூவரும் வெளியிட்ட கணக்கெடுப்பில், என் வகுப்பில் பாதிப் பேருக்காவது சொன்னதைப் புரிந்து செய்வதில் சிரமம் என்று ஏறக்குறைய பாதி ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். நியூசிலாந்தில் டுனடின் என்ற ஊரில் 1972-73இல் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரை இன்றுவரை தொடர்கிறார்கள். 3 முதல் 11 வயதுவரை தன்னைக் கட்டுப்படுத்தும் திறன் குறைவாக இருந்தவர்களுக்கு 32 வயதில் உடல்நலம், பணநிலை, சட்டச் சிக்கல் மூன்றிலும் தொல்லை அதிகம். குடும்ப வசதி, அறிவுத்திறன் இரண்டையும் கழித்த பிறகும் அப்படித்தான். டெரி மொஃபிட் குழு 2011இல் வெளியிட்டது. ஆனால் அவர்கள் எப்படி அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பெற்றோர், ஆசிரியர், பார்வையாளர் என்று பலரிடம், பல வருஷம் கேட்டுக் கேட்டுத் தொகுத்தது. ஒரு சாக்லேட், ஒரு நிமிடம் என்று முடித்துவிடவில்லை.

இந்தச் "சுயக்கட்டுப்பாடு" என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டால் கை கட்டி, வாய் பொத்தி உட்காருவதுபோல் இருக்கிறது. ஆராய்ச்சியில் பேசுவது மூன்றை. கவனத்தை ஒன்றில் நிறுத்துவது, அதைத் தேவைப்பட்டால் இன்னொன்றுக்குத் திருப்புவது ஒன்று. சொன்னதை மனதில் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்வது இன்னொன்று. கை தானாகப் போகும் இடத்துக்குப் போகாமல் நிறுத்துவது மூன்றாவது. பாகூர் சாரின் பென்சில் பையனுக்கு இடிப்பது இரண்டாவது.


பால்வாடி அக்கா | திங்கள், பிற்பகல் 2.45

பிள்ளைகள் தூங்குகிறார்கள், அதனால் இப்போது எழுதுகிறேன். கடலூர்ப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் 14 வருஷமாக இருக்கிறேன்.

போன வருஷம் ஒரு பயிற்சியில் ஒரு விளையாட்டு சொல்லிக் கொடுத்தார்கள். தலையைத் தொடு என்றால் காலைத் தொட வேண்டும், காலைத் தொடு என்றால் தலையை. அவ்வளவுதான், காகிதம் பென்சில் ஒன்றும் வேண்டாம். இதை ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேகன் மெக்லெலண்ட் என்பவரின் குழு ஆராய்ச்சிக் கருவியாகவே வைத்திருக்கிறதாம். பிறகு முட்டி, தோளையும் சேர்த்து, நடுவில் விதியையும் மாற்றுவார்கள்.

மறுநாளே என் பிள்ளைகளிடம் போட்டுப் பார்த்தேன். முதலில் எல்லாரும் தலை என்றால் தலையைத்தான் தொட்டார்கள். ஒரு பெண்பிள்ளை, நாலே கால் வயது, மீனவர் வீட்டுப் பிள்ளை. "தலையைத் தொடு" என்றேன். கை மேலே போனது. காதுக்கு நேரே வந்ததும் நின்றது. விரலெல்லாம் விரிந்தபடி அப்படியே தொங்கியது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் குனிந்து கால் கட்டைவிரலைப் பிடித்தாள். மூளை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பயிற்சியில், கை பாதி போய்த் திரும்பி வந்தாலும் ஒரு மதிப்பெண் உண்டு, நேராகச் சரியாகச் செய்தால் இரண்டு என்று சொன்னார்கள். அந்த ஒரு மதிப்பெண் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அந்தப் பிள்ளைக்கு சாக்லேட் வைத்தால் உடனே தின்றுவிடுவாள். வீட்டில் மூணு அண்ணன்கள். வைத்தால் மிஞ்சாது.


முதுநகர் தாத்தா | திங்கள், மாலை 5.05

அக்கா சொல்வதைக் கேட்டால் குலைகுலையாய் முந்திரிக்காய் ஞாபகம் வருகிறது. வட்டமாக உட்கார வேண்டும், பின்னால் ஒருத்தன் துணியோடு சுற்றுவான், திரும்பிப் பார்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் துணி விழுந்ததா இல்லையா என்று தெரியாமல், கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கும், பிடித்து நிறுத்த வேண்டும். கல்லா மண்ணாவும் அப்படித்தான். அவன் கல் என்றால் நீ மண்ணில் நிற்க வேண்டும், மண் என்றால் கல்லில். நாங்கள் இதையெல்லாம் ஆராய்ச்சி என்று நினைக்கவில்லையே!


லாஸ்பேட்டை வாசகி | திங்கள், மாலை 6.40

தாத்தா, அருமை. நிஜமாகவே அப்படி ஒரு ஆய்வு இருக்கிறது. 2011இல் ஷானா டொமினி, மெக்லெலண்ட் இருவரும் பாலர் பள்ளியில் சில வாரங்கள் இப்படி விதி மாறும் விளையாட்டுகளை ஆடவிட்டார்கள். சிவப்பு, பச்சை விளக்குக்குப் பதிலாக வேறு நிறம் காட்டி நில், போ என்பதெல்லாம் உண்டு. ஆரம்பத்தில் மிகவும் பின்தங்கியிருந்த குழந்தைகளிடம்தான் முன்னேற்றம் தெரிந்தது.

அக்கா, உங்கள் வேலையைப் பற்றியே தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது தெரியுமா? கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் செய்தது. 640 அங்கன்வாடிகள். சிலவற்றில் பாலர் கல்விக்கென்று அரை நாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகப் போட்டார்கள். கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதத்தில் கணக்கு, மொழி இரண்டும் கூடின. வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது.


பால்வாடி அக்கா | திங்கள், இரவு 8.20

அரை ஆள் போதும் மேடம், இரண்டு மடங்கு என்ன, மூன்று மடங்கு செய்வேன். இன்று காலை நாலு பிள்ளைக்கு எடை பார்த்தேன், சத்துமாவுக் கணக்கு எழுதினேன், போனில் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. தலை கால் விளையாட்டு ஆறு நிமிடம்தான் நடந்தது.


பாகூர் வாத்தியார் | திங்கள், இரவு 9.00

விளையாட்டு நல்லதுதான். அதற்காகக் கணக்கையும் எழுத்தையும் விட்டுவிட வேண்டாம் என்பதே என் பயம். மேடம் சொன்ன அதே கிரெக் டங்கன் 2007இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆறு ஆய்வுகளைத் தொகுத்தார். பள்ளியில் சேரும்போது எது இருந்தால் பின்னால் படிப்பு வரும் என்று பார்த்தார். முதலில் வந்தது ஆரம்பக் கணக்கு. அடுத்து வாசிப்பும் கவனமும். முரட்டுத்தனம், அழுகை, யாரோடும் பேசாமல் இருப்பது இதெல்லாம் பெரிதாக முன்னறிவிக்கவில்லை. எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்து ஒரு வாரம் சண்டை நடந்தது.


லாஸ்பேட்டை வாசகி | திங்கள், இரவு 9.35

உண்மை சார், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பட்டியலில் கவனமும் இருக்கிறது பாருங்கள். 2007லேயே கிளான்சி பிளேர், ரேச்சல் ராஸா இருவரும் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் 141 பேரைப் பார்த்தார்கள். கையைத் தடுத்து நிறுத்தும் திறன் நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு கிண்டர்கார்டனில் கணக்கு நன்றாக வந்தது. புளியங்கொட்டையை எண்ணும்போது எண்ணியதை ஒதுக்கி, எண்ணாததை மட்டும் தொட வேண்டும் இல்லையா? அந்த விரல் நிற்பதும் அதே திறன்தான்.

கெடிலக்கரை சார், இன்னொன்று கேட்க மறந்தேன். எந்த மாதம் பிறந்தவன்?


கெடிலக்கரை | திங்கள், இரவு 10.05

ஜூலை. அந்த அறையில் அன்றைக்கு வந்த பிள்ளைகளில் இவன்தான் சின்னவன் என்று நினைக்கிறேன். இவனுக்கு முன்னால் போன பெண்பிள்ளைக்கு நாலரை முடிந்துவிட்டதாம், அழகாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தாள்.


லாஸ்பேட்டை வாசகி | திங்கள், இரவு 10.20

அப்படியானால் பத்து மாத வித்தியாசம். இந்த வயதில் அது அவன் வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2012இல் வந்த ஆய்வு ஒன்று. அங்கே வகுப்புக்கான வயது எல்லை டிசம்பர் 31. டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட 30 சதவீதம் அதிகமாகக் கவனக்குறைபாட்டு நோய் என்று முத்திரை விழுந்திருந்தது. அவர்களிடம் இருந்த குறை சின்னவர்களாக இருந்ததுதான்.


உப்பளம்_கிரி | திங்கள், இரவு 10.31

இப்படி நேர்காணல் வைப்பதே சட்டப்படி தப்பில்லையா? கல்வி உரிமைச் சட்டத்தில் 25,000 ரூபாய் அபராதம் என்று படித்த ஞாபகம்.


பாகூர் வாத்தியார் | திங்கள், இரவு 10.50

ஆம், 13ஆவது பிரிவு. வடிகட்டும் தேர்வு வைத்தால் முதல் தடவை 25,000 வரை, அதற்குப் பின் ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைக்கானது. எல்கேஜிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் நீதிமன்றம்வரை வாதம் போயிருக்கிறது. சண்டை போடுவதானால் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நானாக இருந்தால் வேறு பள்ளி பார்ப்பேன்.


கெடிலக்கரை | புதன், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தூங்கப் போகும்போது அவனிடமே கேட்டேன். திட்டவில்லை, சும்மா கேட்பதுபோல். "ஏன்டா கண்ணா, மிஸ் வர்ற வரைக்கும் இருந்தா ரெண்டு கிடைச்சிருக்குமே?" கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மிஸ் வரமாட்டாங்க" என்றான். "வர்றேன்னு சொன்னாங்களே?" என்றேன். "நீயும்தான் பீச்சுக்குப் போலாம்னு சொன்ன."

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக சில்வர் பீச் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வாரம் சிப்காட்டில் ஓவர்டைம், ஒரு வாரம் விருந்தாளி, போன வாரம் எனக்கே சோம்பல். அவன் ஒவ்வொரு தடவையும் பக்கெட்டை எடுத்து வாசலில் வைத்துவிட்டுத்தான் காத்திருந்திருக்கிறான், மனைவி இப்போதுதான் சொல்கிறாள். போன மாதம் கிளினிக்கில் "ஊசி எல்லாம் போட மாட்டாங்க" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனதும் நான்தான். அம்மா சொன்னதுபோல் செல்லத்தால் கெட்டதாக இப்போது தோன்றவில்லை.

இன்று மொட்டைமாடியில் அக்காவின் தலை கால் விளையாட்டைப் போட்டுப் பார்த்தேன். நாலு தடவை தப்பு, ஐந்தாவது கை நடுவில் நின்றது. அப்புறம் அவன் கட்டளையிட ஆரம்பித்தான், நான் தொட வேண்டும். "தலை" என்று சொல்லிவிட்டு, நான் குனிவதற்குள் "இல்ல இல்ல, மூக்கு" என்கிறான். மூக்குக்கு விதியே போடவில்லை. என்னிடம் கேட்டால் இவன் எல்கேஜிக்கு எப்போதோ தயார்.

பாகூர் சார் சொன்னபடி வேறு பள்ளியில் விண்ணப்பம் வாங்கியாயிற்று. ஞாயிறு மாலை நாலு மணிக்கு பீச்.


பால்வாடி அக்கா | புதன், இரவு 9.50

நல்லது தம்பி. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் இன்றைக்கே அவனிடம் சொல்லிவைத்துவிடுங்கள். எங்கள் பக்கம் இரண்டு நாளாகக் கருக்கட்டிக்கொண்டிருக்கிறது.